போர் முடிந்த மறுநாள் முகாமில் என்ன நடந்தது? ஜப்பானியரிடமிருந்து மீண்ட போர்க்கைதிகள்

கரிசல்_வாசகன்

பசிபிக் போர் பற்றி எதைப் படித்தாலும் 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் பேசுகிறார், கைதிகள் ஆர்ப்பரிக்கிறார்கள், அத்தோடு அத்தியாயம் முடிகிறது. என் கேள்வி ஆகஸ்ட் 16 பற்றியது. அதே காவலர்தான் வாசலில் நிற்கிறார். துப்பாக்கி அவர் கையில், அரிசி மூட்டையும் அவர் வசம். மீட்க வரவேண்டிய படையோ கடல் கடந்து எங்கோ இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

சிங்கப்பூர் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். சாங்கி முகாமில் ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டிகள் மூலம், ஜப்பானியர் வாய் திறப்பதற்கு முன்பே கைதிகளுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. ஆனால் டோக்கியோ விரிகுடாவில் கையெழுத்தாகும் வரை வேறெங்கும் யாரும் படை இறக்கிச் சரணடைவை ஏற்கக் கூடாது என்று நேசநாட்டுத் தலைமைத் தளபதி மக்ஆர்தர் உத்தரவு போட்டிருந்தார். அந்தக் கையெழுத்து செப்டம்பர் 2. பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் கால் வைத்தது செப்டம்பர் 5. நடுவில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்திலும் சீதபேதியிலும் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயிலும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஹிரோஷிமா சரியா தவறா என்பதற்குத் தனி இழை ஓடுகிறது, அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

பழைய_ரேடியோ

நல்ல கேள்வி. சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் முக்டென் முகாமில் நடந்தது கிட்டத்தட்ட சினிமாதான். ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸின் ஆறு பேர் பாராசூட்டில் குதித்தார்கள். போர் முடிந்த செய்தி அங்கிருந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்கே எட்டவில்லை. காப்பாற்ற வந்தவர்களைப் பிடித்து உதைத்துத்தான் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்! நான்கு நாள் கழித்து சோவியத் படை வந்தது. காவலர்களின் ஆயுதங்களைக் களைந்து, கைதிகள் கையில் கொடுத்து, அவர்களையே காவலுக்கு நிறுத்தினார்கள்.

பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் சரணடைந்த அமெரிக்க ஜெனரல் வெயின்ரைட்டும் மஞ்சூரியாவில்தான், வடக்கே இன்னொரு சிறு முகாமில் இருந்தார். தன்னை மீட்க வந்தவரிடம் அவர் கேட்டது, சரணடைந்த தன்னைப் பற்றி ஊரில் என்ன நினைக்கிறார்கள் என்று. மூன்று வருடமாக அவரை அரித்தது அந்த ஒரு கவலை. இரண்டு வாரம் கழித்து மிசௌரி போர்க்கப்பலில் மக்ஆர்தருக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக நின்றார். பக்கத்தில் சிங்கப்பூரைப் பறிகொடுத்த பெர்சிவல். கையெழுத்திட்ட பேனாக்களில் முதலாவது வெயின்ரைட்டுக்கு, இரண்டாவது பெர்சிவலுக்கு. வெயின்ரைட்டுக்கு நாடு திரும்பியதும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பெர்சிவலுக்கு ஊரில் அப்படி ஒரு வரவேற்பும் இல்லை, சர் பட்டமும் இல்லை.

ஜப்பானுக்குள் இருந்த முகாம்களில் கூரை மேல் போர்க்கைதி என்பதற்கான ஆங்கிலச் சுருக்கமாக பி, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகளைப் பெரிதாக வரையச் சொன்னார்கள். ஆகஸ்ட் 27 வாக்கில் பி-29 விமானங்கள் வர ஆரம்பித்தன. சில நாள் முன்புவரை குண்டு போட்ட அதே விமானங்கள்தான். சுமார் 900 பறப்புகளில் 4,470 டன் உணவும் துணியும் மருந்தும் போட்டார்கள். எண்ணெய்ப் பீப்பாய்களில் அடைத்துப் பாராசூட் கட்டிப் போட்டது. பாரம் தாங்காமல் பல பீப்பாய்கள் கயிறு அறுந்து நேராகத் தரைக்கு வந்தன. கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தன. மூன்றரை வருடம் பட்டினியைத் தாண்டி வந்தவர்கள் சிலர் சோற்றுப் பீப்பாய் விழுந்து செத்தார்கள். அக்கம்பக்கத்து ஜப்பானியப் பொதுமக்களும் செத்தார்கள்.

டாக்டர்_நிலா

பழைய_ரேடியோ சொன்னதற்குத் தொடர்ச்சியாக. பீப்பாய் பத்திரமாக இறங்கினாலும் ஆபத்து தீரவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பட்டினியில் உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சேமிப்பு உள்ளுக்குள் வற்றியிருக்கும், ஆனால் ரத்தத்தில் பார்த்தால் சரியாக இருப்பதுபோல் தெரியும். அந்த நேரத்தில் சாக்லேட், டின் பழம், சர்க்கரை என்று உள்ளே போனால் இன்சுலின் எகிறும். மிச்சமிருக்கும் தாதுக்களையெல்லாம் செல்கள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு படாரென்று விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சர்க்கரையை எரிக்கத் தயாமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில் மூன்று வருடம் ஓட்டியவர்களிடம் அது ஏது? ஏற்கெனவே பெரிபெரி வந்து கால் வீங்கிக் கிடந்தவர்கள் இவர்கள். முகாமுக்குள் இருந்த கைதி மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாங்கியில் தவிட்டை வாங்கி மருந்துபோல அளந்து கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியாது என்று திட்டிக்கொண்டே தின்றார்கள்.

தென்கிழக்கு ஆசிய நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் விமானத்திலிருந்து போட்ட துண்டறிக்கையிலும் இந்த எச்சரிக்கை இருந்தது. முகாமை விட்டு நகராதீர்கள், நெடுநாள் பட்டினி கிடந்தவர்கள் முதலில் நிறையச் சாப்பிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுங்கள் என்று. பசித்தவனிடம் சொல்லிப் பாருங்கள். சாப்பிட்டு வாந்தி எடுத்து, திரும்பச் சாப்பிட்டவர்கள் கதை எல்லா முகாமிலும் உண்டு.

ஒரு கூடுதல் தகவல். இந்தக் கோளாறைப் பற்றி மருத்துவ மாணவர்கள் படிக்கும்போது 1951இல் வெளிவந்த ஓர் ஆய்வு மேற்கோளாக வரும். தலைப்பில் ஜப்பானிய போர்க்கைதிகள் என்று இருப்பதைப் பார்த்து, ஜப்பானிய முகாமில் இருந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வருகிறவர்கள் ஜப்பானியச் சிப்பாய்களே. பிலிப்பைன்ஸ் மலைகளில் பட்டினி கிடந்து கடைசியில் அமெரிக்கர்களிடம் பிடிபட்டவர்கள்.

சோழன்77

எல்லாம் சரி, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. எல்லாக் கைதிகளையும் கொன்றுவிட வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து உத்தரவே இருந்தது. அணுகுண்டு விழாவிட்டால் ஒருத்தர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

தென்பொதிகை

> எல்லாக் கைதிகளையும் கொன்றுவிட வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து உத்தரவே இருந்தது

சோழன், இதைப் பாதி சரி என்றுதான் சொல்ல முடியும். நீங்கள் சொல்லும் தாள் தைவான் முகாம் தலைமையகத்தின் நாட்குறிப்பு, தேதி 1944 ஆகஸ்ட் 1. டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் சான்றாக வைத்தார்கள். கலகமோ தப்பிக்கும் நிலையோ வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கான பதில் அது. குண்டு, விஷம், மூழ்கடித்தல் என்று வழிகளை வரிசைப்படுத்தி, ஒருவரும் தப்பக் கூடாது, தடயமும் மிஞ்சக் கூடாது என்கிறது. படிக்கவே வயிற்றைக் கலக்கும். ஆனால் எல்லா முகாமுக்கும் நாள் குறித்துப் போன உத்தரவாக அதைச் சொல்ல முடியாது.

அதற்காக பயம் வீண் என்றும் சொல்லவில்லை. 1944 டிசம்பர் 14, பிலிப்பைன்ஸின் பலவான் தீவு. விமானத் தாக்குதல் என்று சொல்லி 150 அமெரிக்கக் கைதிகளைப் பதுங்குகுழிக்குள் தள்ளிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். 139 பேர் செத்தார்கள், 11 பேர் தப்பினார்கள். அந்தத் தப்பியவர்கள் சொன்ன கதை காதுக்கு வந்ததால்தான், அடுத்த மாதம் 30ஆம் தேதி அமெரிக்க ரேஞ்சர்களும் பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களும் கபனதுவான் முகாமை ராத்திரியோடு ராத்திரியாகத் தாக்கி 500க்கும் அதிகமானவர்களை மீட்டார்கள். நடக்க முடியாதவர்களை எருமை வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

போர்னியோவில் சண்டக்கானில் இருந்த சுமார் 2,400 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளில் பிழைத்தது 6 பேர். ஆறும் தப்பி ஓடியவர்கள். அங்கிருந்து நடத்திக் கொண்டுபோன ரனாவில் கடைசியாக மிஞ்சியவர்களைச் சுட்டுக் கொன்றது ஆகஸ்ட் 27. பேரரசர் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

என்னை இதைவிட யோசிக்க வைத்த தாள் இன்னொன்று. ஆகஸ்ட் 20 அன்று டோக்கியோவிலிருந்து முகாம்களுக்குப் போன தந்தி. கைதிகளைக் கொடுமை செய்தவர்கள் உடனே இடம் மாறிக்கொள்ளலாம், மறைந்துகொள்ளலாம், சிக்கலான ஆவணங்களை எரித்துவிடுங்கள் என்று. கரிசல் கேட்ட 'மறுநாள்' பல முகாம்களில் இப்படித்தான் விடிந்தது. மோசமான காவலர்களைக் காணவில்லை, பின்கட்டில் காகிதம் எரிகிற புகை.

பழைய_ரேடியோ

ரங்கூன் சிறையை யாரும் சொல்லவில்லையே. 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் நடக்கத் தெம்புள்ள 400 பேரைக் கூட்டிக்கொண்டு பெகு பக்கம் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் காவலர் யாருமில்லை. வாசலில் ஒரு கடிதம் மட்டும்: உங்களை விட்டுவிட்டுப் போகிறோம், போர்முனையில் மறுபடி சந்திப்போம் என்கிற தோரணையில்.

உடனே கூரையில் ஏறி 'ஜப்பானியர் போய்விட்டார்கள்' என்று எழுதினார்கள். மேலே பறந்த பிரிட்டிஷ் விமானிகள் இதை எதிரியின் தந்திரம் என்று நினைத்து நம்பவில்லை, குண்டும் போட்டார்கள். அப்புறம் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள் தங்களுக்குள் மட்டும் பேசுகிற ஒரு கொச்சையைக் கூடச் சேர்த்து எழுதிவைத்தார்கள். கெட்ட வார்த்தைதான் காப்பாற்றியது. 🙂 பெகு பக்கம் கூட்டிப்போனவர்களையும் காவலர் நடுவழியில் விட்டுவிட்டார்கள். விடுதலையான அன்றே நேசநாட்டு விமானம் தவறாகச் சுட்டதில் அவர்களுடைய தலைவரான பிரிகேடியர் செத்துப்போனார்.

ஈப்போக்காரன்

வணக்கம். கொஞ்ச நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். இவ்வளவு பேர் எழுதியும் சயாம் ரயில்பாதை வரவேயில்லை. மலேசியாவில் தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பர்மாவின் தான்பியூசயாத்துக்கும் தாய்லாந்துக்கும் இடையே 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் இறந்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்தது. கூடவே ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், அப்புறம் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள். இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். யாரும் எண்ணவில்லை, அதனால்தான் 'இருக்கலாம்'.

ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து மற்றவர்கள் தயங்கியபோது வளைத்துப் பிடித்து ஏற்றினார்கள். 1943 மழையில் வாந்திபேதி வந்தது. கைதிகள் முகாமில் டன்லப் போன்ற மருத்துவர்கள் இருந்தார்கள், கொதிக்க வைத்த தண்ணீர் தவிர வேறெதையும் தொடவிடாத கட்டுப்பாடு இருந்தது, அதிகாரி இருந்தார், பெயர்ப் பட்டியல் இருந்தது. தமிழர் இருந்த குடிசைகளில் இது எதுவும் இல்லை. சாவு எண்ணிக்கையில் வந்த வித்தியாசம் பெரும்பாலும் இதனால்தான்.

விடுதலைக்கு வருகிறேன். 1945 செப்டம்பர், அக்டோபரில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குழு ஒன்று பாதை நெடுகப் போய்க் கைதிகளின் கல்லறைகளைத் தேடிப் பதிவு செய்தது. பத்தாயிரத்துக்கு மேல் கண்டுபிடித்தார்கள், அற்புதமான வேலை. இன்றைக்குக் காஞ்சனபுரி கல்லறையில் 6,982 பேருக்கு இடம், வெட்டிய புல், பூச்செடி. அதே பாதையில் அதே பேதியில் செத்த எங்கள் ஆட்களுக்குக் குழி எங்கே என்று தேட எந்தக் குழுவும் போகவில்லை. 1990இல் காஞ்சனபுரியில் கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாகக் கிடைத்தன, அதுவும் தற்செயலாக. உயிரோடு மிஞ்சியவர்கள் தாய்லாந்து முகாம்களில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்துதான் மலாயா திரும்பினார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் அதற்குள் கப்பலேறி ஊருக்கே போய்விட்டார்கள்.

பொன்னி_கரை

ஈப்போ அண்ணன் எழுதியது மனதைப் பிசைகிறது. ஆனாலும் இழையின் தலைப்பு போர்க்கைதிகள். தோட்டத் தொழிலாளர் சிப்பாய்கள் இல்லையே. தனி இழை தொடங்கினால் நன்றாக இருக்கும்.

ஈப்போக்காரன்

தங்கச்சி, சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. போர்க்கைதி இல்லை என்பதால்தான் பெயர்ப் பட்டியலும் இல்லை, கல்லறையும் இல்லை, பின்னால் இழப்பீடும் இல்லை. இங்கேயும் தனி அறைக்கு அனுப்ப வேண்டாம்.

நெறியாளர்

ஒரே இழையில் தொடரலாம்.

வங்கக்கடல்

நமக்கு நெருக்கமான இன்னொரு கூட்டம் இருக்கிறது: இந்தியச் சிப்பாய்கள். 1942 பிப்ரவரி 17, சிங்கப்பூர் ஃபாரர் பூங்கா. 40,000க்கும் மேற்பட்ட இந்தியக் கைதிகளை ஆங்கிலேய அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். அங்கேயே இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்தது. 1945 நவம்பரில் தில்லி செங்கோட்டையில் கூண்டில் நின்ற ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூன்று பேருமே போர்க்கைதியாக இருந்தவர்கள்தான். ஜப்பானியர் கையிலிருந்து விடுபட்டு ஆங்கிலேயர் சிறைக்குப் போனார்கள். அந்த ராணுவத்தின் பக்கம் யார் எவ்வளவு சாய்ந்தார்கள் என்று விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். இவர்களுக்கு எது விடுதலை?

தென்பொதிகை

வங்கக்கடல், சேர மறுத்தவர்களையும் சொல்லுங்கள். அவர்களைப் பற்றி நம் ஊரில் பேச்சே கிடையாது. கப்பல் கப்பலாக நியூ பிரிட்டன், நியூகினி என்று கூலி வேலைக்கு அனுப்பினார்கள். நியூகினியின் வேவாக் பகுதிக்குப் போன சுமார் 3,000 பேரில் 1945இல் மிஞ்சியவர்கள் சில நூறுகூடத் தேறாது.

ஜமேதார் சிந்த் சிங் அவர்களில் ஒருவர். செபிக் ஆற்றங்கரை அங்கோராமில் ஆஸ்திரேலியர் அவர்களைக் கண்டுபிடித்தபோது கூட இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்ல அவரை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஊருக்குப் புறப்பட்ட அவருடைய தோழர்கள் பத்துப் பேர் ரபாவுல் அருகே விமானம் விழுந்து இறந்துபோனார்கள். அவர் சாட்சி சொன்னார், ஊர் திரும்பினார். 1947க்குப் பிறகு இந்தியாவில் இவர்களை வரவேற்க யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் என்பதைச் சுதந்திர நாட்டில் எப்படிச் சொல்லிக்கொள்வது?

வங்கக்கடல்

அது அவர்கள் எடுத்த முடிவு. நேதாஜி பக்கம் போனவர்களும் ஏராளமாகச் செத்தார்கள், இம்பாலில்.

தென்பொதிகை

செத்தார்கள். யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இம்பாலில் செத்தவர்களைப் பற்றி பத்து நூல் கிடைக்கும். வேவாக் என்று சொன்னால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நூலகத்_தூசி

வீடு திரும்பிய கதையைத் தொடுகிறேன். தாய்லாந்து, சிங்கப்பூர் பக்கமிருந்த பிரிட்டிஷ் கைதிகளைக் கப்பலில் கொழும்பு வழியாகக் கொண்டுபோனார்கள். மூன்று வருடம் கோவணத்தோடு திரிந்தவர்களுக்குச் சூயஸ் பக்கம் நிறுத்திக் கம்பளி உடுப்பு கொடுத்தார்கள். முதல் கப்பல் கோர்ஃபு, 1945 அக்டோபர் 7 அன்று சவுத்ஹாம்ப்டன் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் வெற்றிக் கொண்டாட்டம் மே மாதமே முடிந்திருந்தது.

வழியில் அவர்கள் கையில் ஒரு துண்டுத் தாள் கொடுத்தார்கள். நாவை அடக்குங்கள் என்பது அதன் சாரம். பத்திரிகைக்காரர்களிடம் கண்டதைப் பேசாதீர்கள், இறந்தவர்களின் குடும்பத்தார் மனம் நோகும் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் அதை ஆயுள் முழுக்க அப்படியே கடைப்பிடித்தான். மனைவியிடமும் சொல்லவில்லை, பிள்ளையிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் அலறி எழுவதை மட்டும் வீடு பார்த்தது. போர்க்காலத்தில் வீட்டுக்கு எழுத அனுமதித்ததே சில அஞ்சலட்டைகள், அதிலும் 25 சொல். கணவன் செத்துவிட்டான் என்று நினைத்து மறுமணம் செய்தவர்களும் உண்டு.

உடம்பும் விடவில்லை. ரயில்பாதைக்காரர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற ஒரு புழு முப்பது, நாற்பது வருடம் கழித்தும் உயிரோடு இருந்ததை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி கண்டுபிடித்தது. மனிதனுக்குள்ளேயே மறுபடி மறுபடி தொற்றிக்கொள்ளும் புழு அது. இடுப்பில் வந்து வந்து போகும் தடிப்பு ஏன் என்று பல பேருக்கு வயதான பிறகுதான் தெரிந்தது.

இழப்பீடு? 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கைப்படி பிரிட்டிஷ் போர்க்கைதிக்குக் கிடைத்தது 76 பவுண்டு சொச்சம். அதற்காக முன்னின்று போராடியவர்களில் பெர்சிவலும் ஒருவர், பழைய கைதிகள் சங்கத்தின் தலைவராக. 1998இல் பேரரசர் அகிஹிட்டோ லண்டன் வந்தபோது, ஊர்வலம் போன வழியில் கிழவர்கள் வரிசையாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றார்கள். 2000 நவம்பரில் பிரிட்டிஷ் அரசே தன் கஜானாவிலிருந்து தலைக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. அதிலும் கூர்க்காக்களை விட்டுவிட்டார்கள், இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் என்று சொல்லி. 2002இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழிவிட்டார்கள்.

சோழன்77

காவலர்களில் கொரியர்கள் நிறைய இருந்தார்களாமே, அவர்கள் தப்பித்துவிட்டார்களா?

தென்பொதிகை

தப்பவில்லை. கொரியாவிலிருந்து ஆள் எடுத்து முகாம் காவலுக்கு அனுப்பினார்கள், படையில் கடைசிப் படி. ஜப்பானியச் சிப்பாய் இவர்களை அறைவான், இவர்கள் கைதிகளை அறைவார்கள். கைதிகள் நினைவில் நின்றது தினமும் பார்த்த இவர்கள் முகம்தான். போர்க்குற்றவாளிகள் என்று தீர்ப்பான கொரியர்கள் 148 பேர், 23 பேருக்கு மரண தண்டனை. உயிர் தப்பியவர்களை 1952க்குப் பிறகு ஜப்பான் தன் குடிமக்கள் இல்லை என்று சொல்லி ஓய்வூதியமும் தரவில்லை. செய்த கொடுமைக்குச் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் திட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் தூக்குமேடை ஏறினார்கள் என்று பார்த்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும்.

டாக்டர்_நிலா

ஈப்போக்காரன் சொன்ன கல்லறைக் குழுவோடு போன ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் நகசே தகாஷி. அந்தப் பயணம்தான் தன்னை மாற்றியது என்று பின்னாளில் சொன்னார். தான் மொழிபெயர்த்த சித்திரவதை விசாரணையில் சிக்கிய பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸை 1993இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே சந்தித்தார். லோமாக்ஸ் மன்னித்தார். அது அவர் இஷ்டம். மன்னிக்காமலே போன ஆயிரக்கணக்கானவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

கரிசல்_வாசகன்

எல்லாருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட எங்கெங்கோ போய்விட்டோம். ஒரு நடைமுறைக் கேள்வி. சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய் ஒருவரின் பெயரை இப்போது தேடினால் கிடைக்குமா?

ஈப்போக்காரன்

போரில் இறந்த சிப்பாய் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பெயர், படைப்பிரிவு, பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கும். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள், எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கல்லறை இல்லாதவர்கள் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தின் தூண்களில் இருக்கிறது, மொத்தம் 24,000க்கு மேல். நேரில் போனால் படைப்பிரிவு வாரியாகப் பாருங்கள், அகர வரிசையில் மொத்தமாகத் தேடினால் நாள் போய்விடும்.

சயாம் போன தோட்டத் தொழிலாளி என்றால் அங்கே தேட வேண்டாம், இருக்காது. அந்தத் தோட்டத்தில் இன்னும் பழைய குடும்பங்கள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். பேராக் பக்கம் என்றால் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்.